வெள்ளக்கடை வீட்டுக்கு மூன்று இலவசங்கள்

முதலில் ஒரு கிராம் தங்கக் காசு. அதற்கு யாரும் மசியாததால் வாஷிங் மெஷின். போன வாரம், பத்திரச் செலவும் எங்களுடையதே என்று சாதிக் பாஷா ‘வீடு விற்பனைக்கு’ போர்டில் புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டார். இந்த மனுஷனை விட்டால் வீட்டோடு என்னையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார் என்று அவர் மனைவி அஃப்சானா நினைத்துக்கொண்டாள்.

ஏற்காட்டை ஒட்டிய வெள்ளக்கடை ஊரில் இருக்கும் இந்த வீடு விற்றால்தான், ஏரி ரோட்டில் பார்த்து வைத்திருக்கும் கடை அவள் கைக்கு வரும். ஒன்பது வருஷமாக வீட்டு அடுப்படியில் கேக்கும் பிஸ்கட்டும் சுட்டு அடுத்தவர் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தன் பெயர் எழுதிய பேக்கரி ஒன்று வேண்டும் என்பது தீராத ஆசை. அந்தக் கடைக்காரர் தை முடியும்வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். தையில் பாதி போயாயிற்று.

வீடு பார்க்க மூன்று குடும்பங்கள் வந்தன. மூன்றுமே ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்து வாயைப் பிளந்தன, கிணற்றை எட்டிப் பார்த்தன, டீ குடித்தன. போனவர்கள் போனவர்கள்தான். வீட்டில் அப்படி என்ன குறை? அஃப்சானாவுக்கு மண்டை குடைந்தது. வருத்தத்தைவிட, அது என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் பெரிதாக இருந்தது. கணவர் நான்காவது இலவசமாக ஃபிரிட்ஜைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, கடைசியாக வந்துபோன சேலத்து சுஜாதாவுக்குப் போன் போட்டாள்.

“தப்பா நெனைக்காதீங்க, ஊடு நொம்பப் புடிச்சிருந்துச்சு,” என்றாள் சுஜாதா. “ஆனா அந்த வழியில நீங்களே கால் வெக்கலையேங்க. எங்களையும் மேட்டு மேல ஏத்தித்தான கூட்டிட்டுப் போனீங்க? வழி பக்கத்து ஊட்டுக்காரங்களுது போல, ஏதோ தகராறு, அதான் இத்தன இலவசம் தர்றாங்கன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லிட்டாருங்க.”

அஃப்சானா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் அந்தச் சிமென்ட் வழி பத்திரப்படி அவர்களுடையது. ஆனால் மார்கழியிலும் தையிலும் பக்கத்து வீட்டு அத்தாயி அதில்தான் காப்பிக்கொட்டை காய வைப்பாள். வெயில் நன்றாக விழும் இடம் அவளுக்கு வேறில்லை. கொட்டையை மிதிக்காமல் ஓரத்து மேட்டில் ஏறி இறங்குவது பதினெட்டு வருஷப் பழக்கம். வண்டியைக்கூட ரோட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். இதற்காக யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

விஷயம் தெரிந்ததும் அத்தாயி வாயில் கையை வைத்துக்கொண்டாள். “எங் கொட்டையா உங்க ஊட்ட விக்க உடாம பண்ணுது? சொல்லியிருந்தா அன்னைக்கே அள்ளியிருப்பனே கண்ணு!”

“எனக்கே இப்பத்தானுங்க்கா தெரிஞ்சுது.”

ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்திருந்த திவ்யா டீச்சர் வீடு பார்க்க வந்தாள். அத்தாயி காலையிலேயே கொட்டை முழுவதையும் அள்ளித் தன் வாசலில் குவித்துத் தார்ப்பாயால் மூடியிருந்தாள். பளீரென்று வெயில். வழி சுத்தமாகக் காலி. அஃப்சானா தங்கக் காசைப் பற்றிப் பேசிக்கொண்டே திவ்யாவை அழைத்து வந்து, நேராகப் போய் மேட்டில் ஏறினாள்.

“ஏனுங்க, வழி காலியாத்தான கெடக்குது? எதுக்கு மேட்டுல ஏறறீங்க?”

அஃப்சானாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி எந்தச் சமாதானமும் எடுபடாது என்று தெரிந்துவிட்டதால், மேட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். உள்ளே ஓடிப் பத்திரத்தையும் கொண்டுவந்து நீட்டினாள்.

திவ்யா அதை நிதானமாகப் படித்தாள், வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு அத்தாயியைப் பார்த்தாள். “இவ்வளவு வெயில்ல எதுக்குங்க மூடி வெச்சிருக்கீங்க?”

“ஊடு வித்துப் போகட்டும்னுதானுங்க டீச்சர்.”

“வித்ததுக்கப்புறம் எங்க காயப் போடுவீங்க?”

அதை அத்தாயி ஏற்கெனவே யோசித்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அஃப்சானாவுக்குச் சுருக்கென்றது. கடை கடை என்று அலைந்ததில், இந்தக் கேள்வி தனக்கு ஒருதரம்கூடத் தோன்றவில்லையே.

திவ்யா குனிந்து தார்ப்பாயின் முனையைப் பிடித்தாள். “எங்கிட்ட இருக்கறது ஒரு ஸ்கூட்டிங்க. ரெண்டு மாசம் ரோட்டுல நின்னா தேஞ்சா போயிரும்? புடிங்க்கா, வெயில் வீணாப் போகுது.” பிறகு அஃப்சானா பக்கம் திரும்பினாள். “தங்கக் காசெல்லாம் வேண்டாங்க. வாஷிங் மெஷின மட்டும் குடுத்துருங்க.”

அஃப்சானா ஒரு கையால் தார்ப்பாயின் மறுமுனையை இழுத்துக்கொண்டே, மறுகையால் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.