மழைக்குச் சாய்ந்த மூங்கில்

கிரிசாந்தோ எங்கள் மின் கூட்டுறவில் லைன்மேன். அவனுக்கு ஏணி பிடிப்பவன் நான். அவன் மனைவி மிராசோல், ஆற்றங்கரைச் சந்தையில் மீன்காரர்களுக்கு ஐஸ் விற்பவள். அந்த வருடம் சாமர் தீவில் மழை தொடங்கியதிலிருந்து மதியம் மழை பெய்தாலே கரண்ட் போனது.

"ஊருக்கே லைட்டு போடுறவன் பொண்டாட்டி நான். என் ஐஸு மட்டும் தண்ணியா ஓடுது!" என்பாள்.

நான்கு நாள் கம்பம் கம்பமாக நடந்தோம். கம்பி, கம்பியைத் தாங்கும் பீங்கான் எதிலும் பழுதில்லை.

"எப்போ போய்ப் பார்த்தீங்க?" என்று மிராசோல் கேட்டாள்.

"மழை விட்டதும்."

"திருடன் போனப்புறம் காவலா? பெய்யும்போதே போய்ப் பாரு."

"மழையில கம்பம் ஏறச் சொல்றியா? அவ்வளவு சீக்கிரம் விதவையாகணுமா?"

"ஏற யாரு சொன்னா? தள்ளி நின்னு பாரு. நானும் வர்றேன்."

மறுநாள் மூவரும் ஆற்று வளைவில் ஒரு கொட்டகைக்குள் நின்றோம். மழை வலுத்தது. எதிரே இருந்த மூங்கில்கள் ஈரப் பாரம் தாங்காமல் மெல்லக் குனிந்து கம்பியைத் தொட்டன. நீலமாக ஒரு பொறி. ஊரில் கரண்ட் போனது. மழை விட்டுக் காற்று உதறியதும் அவை மறுபடி நிமிர்ந்துகொண்டன.

"பாரேன், ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி நிக்கிறத!" என்று மிராசோல் சிரித்தாள். கிரிசாந்தோ சிரிக்கவில்லை. அது அவளுடைய தாய்மாமன் அகபிடோவின் புதர். இரண்டு வருடம் முன்பு அவரைக் கேட்காமலே நாங்கள் அதை அடியோடு வெட்டியிருந்தோம். அன்றிலிருந்து அவர் அவனோடு பேசுவதில்லை.

மிராசோல் அவன் கையைப் பிடித்து, புதரை ஒட்டியிருந்த மாமன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கேக்காம வெட்டினது என் தப்பு, மாமா," என்றான் கிரிசாந்தோ.

"இத சொல்ல ரெண்டு வருஷமா?" அகபிடோ புதரைக் காட்டினார். "நீ மொட்டையடிச்சதாலதான் எல்லாம் நோஞ்சானா முளைச்சிருக்கு. முத்துன மூங்கில் இப்படிச் சாயாது. இந்த ஒல்லிக்குச்சிங்கள எடு. தடிச்சத விடு."

லைனை நிறுத்திவிட்டு, அவர் தொட்டுக் காட்டியதை மட்டும் வெட்டினோம். வருடா வருடம் மழைக்கு முன் அவரைக் கேட்டு ஒல்லி மூங்கில்களைக் களைவது என்று அலுவலகமும் ஒப்புக்கொண்டது. அந்த வளைவில் மூன்று கம்பங்களுக்கு நடுவே உறை போட்ட கம்பியும் வந்தது.

அடுத்த பெருமழை ஒரு ஞாயிறு மதியம். அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிரிசாந்தோ பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் கூப்பிட வாயெடுத்தேன்.

"எழுப்பாத," என்றாள் மிராசோல். "இந்த மனுஷன் மழைச் சத்தத்துல தூங்கி நான் பார்த்ததே இல்ல."

ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எனக்குக் காபி போட எழுந்தாள்.