தடித்த குழாயை முதலில் மூடு

மலேசியாவில் லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் தண்ணீர்க் குழாய்களைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் டொனால்ட்தான். 1995-இல் அவருடைய இடது சிறுநீரகம் கல்லடைத்துச் செயலிழந்தது. மாதம் ஒரு காய்ச்சல். அந்தச் சிறுநீரகத்தை எடுக்காமல் விட்டால் ஏதாவது ஒரு காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விடும். சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் முத்துலெட்சுமி சம்மதப் படிவத்தை நீட்டினார். டொனால்ட் பேனாவைத் தொடவில்லை.

"வயித்துல மூணு ஓட்ட போட்டு, கேமராவ உள்ள விட்டு, டிவி பாத்துக்கிட்டே எடுப்பீங்க. சரி லா. ரத்தக் குழாய எப்படி அடைப்பீங்க?"

இப்படிக் கேட்பவர்கள் குறைவு. டாக்டர் உற்சாகமாகப் படம் வரைந்தார். சிறுநீரகம் முக்கியமாக இரண்டு குழாய்களில் தொங்குகிறது. ரத்தம் கொண்டுவருவது மெல்லியது, ஆனால் அழுத்தம் அதிகம். திரும்பக் கொண்டுபோவது அகலமானது, மிருதுவானது. அது முன்னால் கிடந்து மெல்லியதை மறைத்துக்கொள்ளும்.

"மெல்லிசுக்குத்தான் முதல்ல கிளிப் போடுவேன்ணே. உடம்பு பக்கம் மூணு, கிட்னி பக்கம் ரெண்டு, நடுவுல வெட்டு. அப்புறம்தான் பெரிசு."

டொனால்ட் எழுந்து, கூட வந்திருந்த மனைவி அந்தோனியம்மாளைக் கூப்பிட்டார். "வா அந்தோனி, வீட்டுக்குப் போவோம்."

காரணம் இதுதான். தோட்டத்தில் குழாய் வெடித்தால் தடித்ததை முதலில் மூட வேண்டும். தடித்தது தொட்டியிலிருந்து வருவது. மெல்லியவை வீடுகளுக்குப் பிரிபவை. இருபத்திரண்டு வருடமாக அவர் பிடித்துவரும் விதி. இது தெரியாதவருக்கு அவர் ஒரு ஸ்பேனரைக்கூட இரவல் தரமாட்டார். வயிற்றைத் தருவாரா?

"படிச்சவங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அந்தோனியம்மாள்.

"ஆபீஸ்ல கணக்கெழுதுற படிச்ச கிராணிதான் போன மாசம் சின்ன வால்வ மூடிட்டு ஆபீசையே குளமாக்குனாரு."

டாக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அண்ணே, பெரிச முதல்ல மூடி வீட்டுலயே செஞ்சு பாருங்க. அப்புறம் வந்து என்னைத் திட்டுங்க."

ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்ததும் செய்து பார்த்தார். சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு. அதன் ஒரு முனையில் பைப்பிலிருந்து மெல்லிய ஹோஸ், மறு முனையில் தண்ணீர் வெளியேறத் தடித்த ஹோஸ். டாக்டரின் படத்தில் போலவே தடித்ததை முன்னால் போட்டு, எல்லாவற்றையும் பெரிய பிஸ்கட் டின்னில் வைத்து மூடி, மூன்று ஓட்டை போட்டு, இரண்டு நீள இடுக்கிகளை உள்ளே விட்டார். தடித்தது முன்னால் கிடந்ததால் இடுக்கியில் உடனே அகப்பட்டது. இறுக்கிக் கவ்வினார்.

"அந்தோனி, இங்க வந்து பாரு!"

அவள் கோயில் சேலையோடு குனிந்தாள். போகும் வழி அடைபட்டது. வரும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. டியூப் உப்பியது. டின் மூடி மெல்ல எழுந்தது.

"ஏங்க, அது மூச்சு விடுது!"

வெடித்தது. சேலையில் உலர்ந்த இடம் என்று ஒன்றுமில்லை.

"இதத்தான் உங்க வயித்துல செய்யச் சொன்னீங்களா?" என்றாள் அவள், முகத்தைத் துடைக்காமலே.

டொனால்ட் புது டியூப் மாட்டினார். இந்த முறை தடித்ததைக் கொஞ்சம் தூக்கி, அதன் பின்னால் இடுக்கியை நுழைத்து, மெல்லியதைக் கவ்வினார். உள்ளே இருந்த தண்ணீர் வடிந்து டியூப் துவண்டது. பிறகு தடித்ததை மூடுவது விளையாட்டு வேலை. பார்க்க அழகாயிருந்ததால் இன்னும் இரண்டு தரம் செய்தார்.

திங்கட்கிழமை டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"தோட்டத்துல தடிச்சது வர்ற குழாய். உடம்புல தடிச்சது போற குழாய். தப்பு என்னுதுதான் டாக்டர்."

"ரெண்டையும் கலக்காதவரைக்கும் சரிண்ணே."

"கிளிப்பு வழுக்கிட்டா?"

"உடனே வயித்தத் திறந்து கைய விட்டுப் பிடிப்பேன். அதுவும் இந்தப் படிவத்துல எழுதியிருக்கு."

டொனால்ட் அந்த வரியை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மட்டும் விடவில்லை.

"உடம்பு பக்கம் நாலு கிளிப்பா போட்டா என்ன டாக்டர்?"

அந்தோனியம்மாள் படிவத்தை வெடுக்கென்று இழுத்து டாக்டரிடம் கொடுத்தாள். "நீங்க சீக்கிரம் தூங்க வைங்க டாக்டர். முழிச்சிருந்தா பக்கத்துல நின்னு வேல சொல்லுவாரு."