விசிலை விழுங்கிய புண்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் நடராசன் கண்டக்டர். விசிலை உதட்டில் வைத்தாலே அவருக்கு உயிர் போனது. உள்உதட்டில் ஒரு புண் ஆறினால் நாக்கோரத்தில் இன்னொன்று கிளம்பும். ஊர்ப்பேரைச் சொல்ல முடியாமல் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். விக்கிரவாண்டியில் இறங்க வேண்டியவர்கள் கூட்டேரிப்பட்டு வரை போய்விட்டுச் சண்டைக்கு வந்தார்கள். “இந்த மாசம் பாப்பேன். அப்பறம் ஷெட்டுல வண்டி கழுவு” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நடராசனும் சும்மா இல்லை. எது காரணமென்று ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தார். பித்தளை விசிலை விட்டு பிளாஸ்டிக் வாங்கினார். பற்பசையை மாற்றினார். பாக்கை நிறுத்தினார். புண் இடம் மாறியதே தவிரப் போகவில்லை.

“எல்லாம் சூடுதான்” என்றார் அவர்.

டிரைவர் பிரான்சிஸ் சிரித்தார். “இன்ஜினாண்ட குந்திக்கினு வேவறவன் நானு. காத்து வாங்கிக்கினு நிக்கிற உனக்கு இன்னாய்யா சூடு?”

அந்தக் கேள்வி நடராசனை விடவில்லை. அடுத்த நடைக்கு நேரமிருந்தபோது திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போய் வாயைத் திறந்தார். அவரோ புண்ணைப் பார்த்துவிட்டுக் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கு ஏன் இப்படி வழவழவென்று இருக்கிறது என்றார்.

“என்ன சாப்பிடறீங்க?”

“சூடு பண்றது எதையும் தொடறதில்லைங்க” என்றார் நடராசன் பெருமையாக. “கறி, மீனு, முட்டை எல்லாம் உட்டுட்டேன். பழையது, வெள்ளரிக்கா. சாப்ட கையோட ஒரு டீ.”

“எப்போலருந்து?”

“புண்ணு வர ஆரம்பிச்சப்போலருந்துங்க. பையன் அப்போ நாலாவது. இப்போ எட்டாவது.”

“விட்டப்புறம் புண்ணு கொறஞ்சிதா?”

நடராசன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். கறியை விட்ட புதிதில் எப்போதோ ஒன்றுதான் வந்தது.

“ஜாஸ்தியாச்சுங்க” என்றார் மெதுவாக.

ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் பி12-ம் குறைந்திருந்தன. சிவப்பணுக்கள் சில பெருத்தும் சில சிறுத்தும் இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். “வாய்ப்புண்ணு வர்ற எல்லாருக்கும் இதுதான்னு இல்ல. உங்களுக்கு இதுவா இருக்கலாம். ஊசி போட்டுப் பாப்போம். முட்டை, மீன் சாப்பிடுங்க. சோத்தோட டீ வேணாம்.”

அன்று ராத்திரி நடராசன் மீன்குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தார். மனைவி சின்னபொண்ணு கரண்டியை எடுக்கவில்லை. “நான் ஊத்த வந்தப்பல்லாம் வெசம் வைக்கிறவள பாக்கற மாதிரி பாத்தியே. இப்போ நீயே ஊத்திக்க.”

அவரே ஊற்றிக்கொண்டார். எரிந்தது. இருந்தாலும் தின்றார்.

மாதக் கடைசியில் கூட்டேரிப்பட்டில் பைக்குள் கிடந்த பித்தளை விசிலை எடுத்தார். உதட்டில் வைத்து, வலி வருமென்று காத்திருந்தார். உள்ளே ஓரிடத்தில் மட்டும் லேசாகச் சுருக்கென்றது. ஊதினார். நம்பாமல் இன்னொரு தரம் நீளமாக ஊதினார்.

வண்டியை எடுத்துக்கொண்டே பிரான்சிஸ் கத்தினார். “கேட்டுச்சுய்யா. நான் என்ன செவுடா?”