பிடி விடாத கை

மூக்கு உடைந்த பிறகுதான் டோன் ஃபௌஸ்தோ கர்கனேராவின் கைகள் பிடியை விட்டன.

அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் சுழன்ற கரும்புக்காடு ஒன்றுதான். வானம் எங்கோ முதுகுப்பக்கம் போய்விட்டது. பச்சை, செம்மண், மறுபடியும் பச்சை. ஒவ்வொரு சுற்றுக்கும் காடு பெரிதாகிக்கொண்டே வந்தது. முரட்டுக் குதிரையின் கடிவாளத்தை இழுப்பவர்போல விமானத்தை ஓட்டும் பிடியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கியிருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்து பயிற்றுநர் மெர்லிண்டா துப்பாஸ் கத்தினாள்.

“என் கையில! விடுங்க! என் கையில!”

காதில் விழாமல் இல்லை. ஆனால் கைகள் அவருடையவையாக இல்லை.

அவள் அவர் மணிக்கட்டில் குத்தினாள். விலாவில் முழங்கையால் இடித்தாள். குனிந்து புறங்கையைப் பல் பதியக் கடித்தாள். பிடி தளரவில்லை. ஐந்தடி உயரப் பெண் அவள். அவரோ சிறுவயதில் எருமைகளைக் கொம்பைப் பிடித்துச் சாய்த்தவர். இருக்கைகளுக்கு நடுவே இருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கி, அதன் அடிப்பாகத்தால் அவர் முகத்தின் நடுவில் ஓங்கி இடித்தாள்.

எலும்பு முறிந்த சத்தம் மண்டைக்குள் கேட்டது. கைகள் தாமாக முகத்துக்குப் போயின. அந்தக் கணத்தில் அவள் சுழற்சிக்கு எதிர்ப்பக்கத்துக் கால்மிதியை ஓங்கி மிதித்து, பிடியை முன்னால் தள்ளினாள். சுழற்சி நின்றது. விமானம் தலைகீழாகப் பாய்ந்தது. பிறகு அவள் மெல்ல இழுக்க இழுக்க, அவர் உடம்பு இரும்பாகக் கனத்தது. மூக்கு ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. விமானம் நிமிர்ந்தபோது கரும்பு வெட்டுகிறவர்கள் கத்தியைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்து கிடந்ததைப் பார்த்தார். அவர்கள் முதுகில் வியர்வை பூத்திருந்தது கூடத் தெரிந்தது. அவ்வளவு தாழ்வு.

ஐம்பத்தொன்பது வயதில் இதெல்லாம் எதற்கு என்று அந்தக் கரும்புத் தீவில் கேட்டவர்கள் உண்டு. அவருடைய தகப்பனார் ஒவ்வொரு திருவிழாவிலும் சர்க்கரை ஆலைக்கு மேலே தன் விமானத்தைக் குட்டிக்கரணம் போடவைத்தவர். அவர் மறைந்தபின், போட்டிக் குடும்பமான லகாசன் வீட்டுக்காரர்கள் சொந்த விமானம் வாங்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கர்கனேராக்கள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். குடும்பப் பெயர் சட்டைப் பொத்தான் அல்ல, அறுந்தால் தைத்துக்கொள்ள. டோன் ஃபௌஸ்தோ முதலில் தனியார் விமானி உரிமம் பெற்றார். பிறகு இரவில் பறக்கும் தகுதி. இப்போது குட்டிக்கரணத் தகுதி. அதற்கு முன், சுழன்று விழும் விமானத்தை மீட்கத் தெரியவேண்டும் என்பது விமானப் பள்ளியின் விதி.

இன்னொரு விதியும் உண்டு. விமானத்தைக் கைமாற்றும்போது ஒருவர் “என் கையில” என்பார். மற்றவர் “உங்க கையில” என்று பதில் சொல்லி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டவேண்டும். டோன் ஃபௌஸ்தோ பதில் சொல்லுவார். கையைத் தூக்கமாட்டார்.

“ரெண்டு விரல் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு, டோன் ஃபௌஸ்தோ,” என்று மெர்லிண்டா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

“எங்க வம்சத்துல யாருக்கும் எதையும் கொடுத்துப் பழக்கமில்ல, இன்டாய். விட்டா வயலும் போயிரும்.”

இன்டாய் என்றால் அந்தத் தீவில் பெண்ணே, மகளே என்று பொருள்; டோன் என்றால் பண்ணையார். பள்ளியில் எல்லோரும் அவளைக் கேப்டன் என்றார்கள். அவர் மட்டும் இன்டாய் என்றார்.

தரையிறங்கியதும் அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“அடிச்சது நான்,” என்றாள். “எதுக்கு அடிச்சேன்னு உங்களுக்குத் தெரியும். சொல்றதும் சொல்லாததும் உங்க மானம்.”

அவர் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு இறங்கினார். ஓடுபாதை ஓரத்தில் அவருடைய தம்பி மகன் ரெனான் ஜீப்புடன் காத்திருந்தான். ரத்தத்தில் நனைந்த சட்டையைக் கண்டதும் ஓடிவந்தான்.

“தியோ! யாரு செஞ்சா இதை?”

தியோ என்பது அங்கே தகப்பனின் உடன்பிறந்தவரை அழைக்கும் முறை. டோன் ஃபௌஸ்தோ கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

“அவ.”

பொய் இல்லை. ஆனால் பாதி. மறுபாதியைச் சொல்லத் தொண்டைக்குள் நின்ற ரத்தம் இடம் கொடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆலையின் மருத்துவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டே கேட்டார்: “உங்க தம்பி பையன் நாலு கரும்பு வெட்டுக்காரங்களை ஏத்திக்கிட்டுப் பறக்குற பள்ளிக்கூடத்துப் பக்கம் போறான். எஸ்பாடிங் வேற வெச்சிருக்காங்க. என்ன சமாச்சாரம்?”

எஸ்பாடிங் என்பது கரும்பை அடியோடு சாய்க்கும் கனத்த கத்தி. அந்தத் தீவில் அது வெட்டியது கரும்பை மட்டும் அல்ல. டோன் ஃபௌஸ்தோ கட்டு முடியும்வரை நிற்கவில்லை.

விமானக் கொட்டகை வாசலில் மெக்கானிக் மண்டை பிளந்து கிடந்து முனகினான். உள்ளே அந்தச் சின்ன விமானத்தின் கண்ணாடிகள் நொறுங்கியிருந்தன. இறக்கையில் கத்தியால் கொத்திய கிழிசல்கள். வேலை மேசைமேல் மெர்லிண்டாவின் வலது கையை ரெனான் மணிக்கட்டோடு அழுத்திப் பிடித்திருந்தான். இரண்டு விரல்கள் தப்பான பக்கம் மடங்கியிருந்தன. அவள் உதடு கிழிந்து தொங்கியது. நான்கு ஆட்களும் சுற்றி நின்றார்கள்.

“இந்தக் கைதானே?” ரெனான் கத்தியை ஓங்கினான். “ஒரு கர்கனேரா மூஞ்சியில பட்ட கை. இனிமே நீ சோத்தையும் இடது கையாலதான் தின்னணும். பறக்கறதெல்லாம் மறந்துரு.”

“உங்க தியோவைக் கேளு,” என்றாள் அவள். பேச்சு ரத்தத்தோடு வந்தது. “அவரு கை எங்க இருந்துச்சுன்னு கேளு.”

“வாயைப் பாரு இவளுக்கு!” என்று சிரித்தான் ஓர் ஆள். “விரல் ஒடிஞ்சும் நாக்கு ஒடியல.”

“நிறுத்து,” என்றார் டோன் ஃபௌஸ்தோ.

எல்லோரும் திரும்பினார்கள். பஞ்சு அடைத்த மூக்கால் அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

“அவ அடிச்சா, நிசம். நான் பாதிதான் சொன்னேன். மீதியைக் கேளுங்கடா. வண்டி சுத்திக்கிட்டு விழுந்துச்சு. நான் பயந்துட்டேன். பிடியைக் கட்டிக்கிட்டேன். விடு விடுன்னு கத்தினா. நான் விடல. அவ அடிக்காம இருந்தா, எங்க ரெண்டு பேரையும் இந்நேரம் மம்பட்டியாலதான் அள்ளியிருப்பீங்க.”

வெட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மனிதரின் வாயிலிருந்து ‘பயந்துட்டேன்’ என்ற சொல்லை அவன் அப்பனும் கேட்டதில்லை.

ரெனானின் முகம் கறுத்தது. “பொம்பளைன்னு இரக்கப்பட்டுப் பேசறீங்க, தியோ.”

“நான் யாருக்காகவும் பொய் சொன்னதில்ல.”

“அப்போ நாளைக்கு ஆலை வாசல்ல லகாசன் பசங்க கெக்கே பிக்கேன்னு சிரிப்பாங்களே! கர்கனேரா வானத்துல ஒண்ணுக்குப் போயிட்டான்னு பாட்டே கட்டுவானுங்க. அது உங்க பேரு மட்டுமா? எங்க அப்பா பேரு, என் பேரு! இவளை இப்படியே விட்டா அது நிசம்னு ஆயிரும்.”

“நிசம்தான்டா அது. அவ கையை விடு.”

“விடமாட்டேன்.”

டோன் ஃபௌஸ்தோ அவளை அழுத்தியிருந்த ரெனானின் கையைப் பார்த்தார். முட்டிகள் வெளுத்து, நரம்பு புடைத்து, விரல்கள் இறுகியிருந்தன. காலையில் விமானப் பிடியை நெஞ்சோடு இறுக்கியிருந்த அவர் கையும் இதே கைதான். இது சொல்லுக்கு விடாது. அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கொட்டகையில் வேறு யாரும் இல்லை, அவளைத் தவிர.

உடைந்த விமானக் கதவு வழியாகக் கையை நீட்டினார். சிவப்பு சிலிண்டர் இருக்கைமேல் கிடந்தது. அடியில் அவருடைய ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேசையை நோக்கி நடந்தார்.

ரெனான் கத்தியை அவர் பக்கம் திருப்பினான். வெட்டும் எண்ணம் இருந்ததோ இல்லையோ, கத்தி வந்தது. அவர் இடது முழங்கையில் எலும்புவரை இறங்கியது. அவர் நிற்கவில்லை. வலது கையால் சிலிண்டரை அவன் முகத்தின் நடுவில் செலுத்தினார்.

அதே சத்தம். இந்த முறை வெளியிலிருந்து கேட்டார்.

ரெனானின் இரண்டு கைகளும் ஒன்றாக முகத்துக்குப் போயின. எஸ்பாடிங் தரையில் விழுந்து துள்ளியது. மெர்லிண்டா கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள். ரெனான் முழங்காலில் விழுந்து குழந்தைபோல ஊளையிட்டான். மற்ற நால்வரும் அசையவில்லை.

“ஜீப்பை எடுங்க,” என்றார் டோன் ஃபௌஸ்தோ, முழங்கையிலிருந்து ரத்தம் சொட்ட. “முதல்ல மெக்கானிக். அப்புறம் கேப்டன். இவன் கடைசியா.”

“நீங்க, டோன்?” என்று கேட்டான் ஓர் ஆள்.

“நான் நடந்து வரேன்.”

ரெனானின் தகப்பன் அதன்பிறகு அண்ணன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. டோன் ஃபௌஸ்தோ போலீஸ் நிலையத்துக்குத் தாமே போய், தாம் பெற்ற மகனைப்போல் வளர்த்த ரெனானின் பேரைச் சொல்லிவிட்டு வந்தார். திருவிழாவில் லகாசன் வீட்டு விமானம் ஆலைக்குமேல் குட்டிக்கரணம் போட்டது. கோணிப்போன மூக்குடன், கழுத்திலிருந்து துணியில் தொங்கிய கையுடன், அவர் முதல் வரிசை நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். பின்வரிசையில் யாரோ விமானம் விழுவதுபோல வாயால் சத்தமெழுப்ப, சிரிப்பு பரவியது. அவர் திரும்பவில்லை. சிரித்தவர்களுக்கு அது பிறகு ருசிக்கவில்லை.

விரல் கட்டை அவிழ்த்த மெர்லிண்டா புதுக் கண்ணாடி போட்ட விமானத்தின் அருகே நின்றபோது அவர் வந்து சேர்ந்தார். அவள் இரண்டு விரல்களும் முழுசாக மடங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பேசினார்.

“இன்னும் பாக்கி இருக்கு, கேப்டன். சுத்தி விழறது.”

“பயமில்லையா?”

“இருக்கு.”

அவள் ஏறி உட்கார்ந்து வாரைப் பூட்டினாள். அவரும் பூட்டிக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே பார்த்தார். அங்கே வெறும் கொக்கிதான் இருந்தது.

“சிலிண்டர் எங்கே?”

“என் மடியில,” என்றாள் அவள்.

மேலே போனதும், “என் கையில” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் டோன் ஃபௌஸ்தோ இரண்டு கைகளையும் காதுக்கு மேலே தூக்கினார். வெட்டுப்பட்ட கை முழுதாக உயரவில்லை. உயர்ந்த மட்டும் தூக்கி, அப்படியே வைத்திருந்தார்.