வின்ச்சுக்குப் போடுற கிரீஸ்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் தங்கச்சிமடத்து ஆம்பளைகளுக்குக் கை சும்மா இருக்காது. படகைக் கரையேற்றி, செயின், பல்சக்கரம் என்று கண்டதிலெல்லாம் கிரீஸை அப்புவார்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடுமே என்ற பயம். வில்பிரட் அதோடு நின்றிருக்கலாம். மனைவி ஜெப்சி கடைக்குப் போன நேரம் பார்த்து அவள் தையல் மிஷினையும் திறந்து, டீசல் துணியால் துடைத்து, வலை இழுக்கும் வின்ச்சுக்குப் போடுகிற கறுப்பு கிரீஸை உள்ளே திணித்துவைத்தார். பொண்டாட்டிக்கு உபகாரமாம்!

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு காலையில் கோயிலில் புதுநன்மை; அப்பாவும் அம்மாவும் கைபிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போக, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்துவிட்டு, சொந்த மகள் ஷெரினுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தாள் ஜெப்சி. தைக்கிறவள் வீட்டில் அப்படித்தானே நடக்கும். பாதிக் கவுனில் மிஷின் முனகியது. படக்கென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது.

பாம்பனிலிருந்து மெக்கானிக் பாக்கர் வந்து திறந்து பார்த்தான்.

"உள்ள இருக்கறது பிளாஸ்டிக் சக்கரம்க்கா. இதுக்குன்னு இளக்கமா வெள்ளை கிரீஸ் இருக்கு, ஒரு பொட்டு வச்சாப் போதும். இது களி மாதிரி இறுகி, பல்லே பேந்துபோச்சு. புதுசு மதுரையில இருந்து வரணும், திங்கக்கிழமை ஆயிரும்."

அவன் போனதும் வையத்தான் வாயெடுத்தாள் ஜெப்சி. தெம்பில்லை. ஒரு மாசமாகக் குனிந்து தைத்த முதுகு. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்," என்றார் வில்பிரட்.

"தெரியும். அதுதான் எரிச்சலா வருது."

"ஒரு முனையைப் புடிக்கவா?"

"அந்தக் கையோடயா?"

மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார், சோப்புப் போட்டுத் தேய்த்தார். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. கடைசியில் ரெண்டு ரொட்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, துணி தரையில் படாமல் தூக்கிப் பிடித்தார். பொழுது சாயும்வரை பிடித்திருந்தார். அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்து அறுத்தாள்.

"நாளைக்குப் பீடத்துக்குப் பிள்ளைய நீ மட்டும் கூட்டிட்டுப் போ," என்றார் அவர். "என் கை பட்டு வெள்ளை பாழாயிரும்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷெரினின் முகம் வாடிப்போனது.

ஜெப்சி அவர் கையிலிருந்த கவரை உருவிப் போட்டாள். உள்ளே விரலெல்லாம் வேர்வையில் ஊறிச் சுருங்கியிருந்தது.

"பிள்ளை கையத்தானே புடிக்கப் போறீங்க, கவுனையா? பேசாம வாங்க," என்றாள். "எனக்கு முதுகு வலிக்குது, கொஞ்சம் படுக்கணும்."