கீல் இடுக்கில் உடைத்த வால்நட்

தச்சருக்கு வால்நட் என்றால் உயிர். மைத்துனன் ஒரு மூட்டை வால்நட்டும், அதை உடைக்க ஓர் எஃகு இடுக்கியும் வாங்கி அனுப்பியிருந்தான். இடுக்கி மேசை இழுப்பறைக்குள் போனது. தச்சர் தன் வழக்கப்படி படுக்கையறைக் கதவைத் திறந்து, கீல் பக்கத்து இடுக்கில் கொட்டையை வைத்துக் கதவை மெல்ல இழுப்பார். 'கடக்' என்று ஓடு பிளக்கும். பருப்பு முழுசாக வரும்.

"ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் சரி பண்றீங்க. நம்ம வீட்டுக் கதவு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று மனைவி கேட்பாள். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை அவளுக்கு.

அந்த மாதம் அவள் அம்மா வந்து தங்கியிருந்தார். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்பு, "ஆணி அடிக்கிறவனுக்கா பொண்ணு கொடுக்கறது?" என்று அவர் சொன்னது தச்சரின் காதுக்கு வந்துவிட்டது. ஒன்பது வருடங்களாக இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. "உங்க அம்மாவைச் சாப்பிடச் சொல்லு" என்பார் இவர். "பசியில்லைன்னு சொல்லு" என்பார் அவர். அவருக்கு மகளும் இவருக்கு மனைவியுமானவள் நடுவில் தபால்காரியாக இருந்தாள்.

ஒரு பிற்பகல், மகள் வேலைக்குப் போயிருந்தாள். மாமியார் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கி எழுந்தார். கதவு திறக்கவில்லை. மேல் கீலின் திருகாணிகள் பாதி பிடுங்கிக்கொண்டு, கதவு சரிந்து சட்டத்தில் இறுகியிருந்தது. உள்ளே இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. தச்சர் வெளியிலிருந்து தோளால் இடித்துப் பார்த்தார். அசையவில்லை.

செய்தி கொண்டுபோக ஆள் இல்லை. அவரே பேச வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கதவைப் பிளந்துடறேன்."

உள்ளிருந்து குரல் வந்தது. "வேண்டாம். நல்ல கதவு. கழட்ட வழி இருந்தா சொல்லுங்க."

கீல்கள் அறைக்கு உட்புறம் இருந்தன. கழற்றுவதானால் மாமியார்தான் கழற்ற வேண்டும். தச்சர் வீட்டைச் சுற்றிப் போய், ஜன்னல் கம்பி வழியே சுத்தியையும் திருப்புளியையும் நீட்டினார்.

"மொதல்ல அடிக் கீல். நடுவுல ஒரு கம்பி இருக்கும். கீழேருந்து திருப்புளிய வெச்சு மேல பாக்கத் தட்டுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

முதல் அடி விரலில் விழுந்தது. "அம்மா!" என்ற சத்தத்தைக் கேட்டதும் தச்சர் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மாமியார் மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோதுதான் தச்சருக்குப் புரிந்தது. கழிப்பறை அந்த அறையில் இல்லை. மாப்பிள்ளையிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. தச்சரும் கேட்கவில்லை. "கம்பிய முழுசா தட்டி எடுக்க வேண்டாம். பாதி வந்ததும் கையால உருவிடுங்க, சீக்கிரம் ஆகும்" என்றார்.

அடிக் கம்பி வந்தது. நடுக் கீலின் கம்பியும் வந்தது.

"கதவு ஏன் இப்படி ஆச்சு?" என்று மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"நான்தான். வால்நட் உடைச்சு உடைச்சு."

"தெரியும். தினமும் சத்தம் கேக்குதே. இடுக்கி இருக்கு இல்ல?"

"அதுல பருப்பு நொறுங்கிப் போகுது அத்தை."

"இங்க கதவு நொறுங்கிப் போச்சு மாப்பிள்ளை."

இப்படிக் கூப்பிட்டுக்கொண்டதை இருவருமே கவனித்தார்கள். மேல் கம்பி துருப்பிடித்திருந்தது. தச்சர் சொன்னபடி அவர் அலமாரியிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து விட்டு, ஓங்கித் தட்டினார். கம்பி உருண்டு தரையில் விழுந்தது.

"கட்டில்கிட்ட போயிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தச்சர் ஓடி வந்து, வெளியிலிருந்து கடப்பாரையால் நெம்பினார். கதவு பெயர்ந்தது. அதைத் தாங்கிப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். மாமியார் அவரைப் பார்க்காமல் விறுவிறுவென்று கடந்து போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். வீங்கிய விரலுக்குத் தச்சர் ஐஸ் கட்டி எடுத்து வைத்திருந்தார்.

மாலையில் மகள் வந்தாள். கதவு கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது.

"யார் கழட்டினது?"

"உங்க அம்மா" என்றார் தச்சர்.

மகள் நம்பவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "நாலாவது அடியிலதான் பிடி கிடைச்சுது" என்றார் அவர்.

மாமியார் அதன்பின் பன்னிரண்டு நாள் இருந்தார். உயிருக்குயிராகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. "தண்ணி வேணுமா அத்தை?" என்று கேட்பார் இவர். "வேணும்" என்பார் அவர். சில நாள் அதற்கு மேல் ஒன்றுமில்லை. மகள் மட்டும் முதல் இரண்டு நாள், தபால் வேலை போனவளைப் போல, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.