பதினேழாம் நம்பர் பெட்டி

பேரன்ட்ஸ் கடலின் அடியில் இறக்கிய நாற்பது பெட்டிகளில் முப்பத்தொன்பது மேலே மிதந்து வந்துவிட்டன. பதினேழாம் நம்பர் மட்டும் வரவில்லை.

ஆய்வுக் கப்பலில் பதிவுகளைப் படித்துச் சொல்வது தூருனின் வேலை. கப்பல் இழுத்துப்போகும் கேபிளிலிருந்து மின்சாரம் கடலடிக்குள் பாயும். உப்புநீர் ஊறிய பாறை அதைச் சுலபமாகக் கடத்திவிடும். எண்ணெய் ஊறிய பாறை தடுக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் பெட்டிகள் பதிவுசெய்கின்றன. முப்பத்தொன்பதும் ஒரே பதிலைச் சொல்லின: தண்ணீர்.

அதை சிக்பியோர்னிடம் சொல்லியாக வேண்டும். அவர் எண்ணெய்க் கம்பெனியின் நிலவியலாளர். இந்தக் கடலடி மேட்டுக்குள் எண்ணெய் இருக்கிறது என்று ஒன்பது வருஷம் தனியாளாக வாதாடி இந்த ஆய்வையே கொண்டுவந்தவர். மெயில் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள தூருனுக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டு அறையில் மீன் சூப்போடு இருந்தவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மூஞ்சியே சொல்லுதே. சொல்லு, கேப்போம்."

"தண்ணிதாங்க, சிக்பியோர்ன். எல்லாத்துலயும்."

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "பதினேழு இன்னும் வரலையே? அதுதான மேட்டு உச்சியில கெடக்குது?"

"பக்கத்துல பதினாறும் பதினெட்டும்..."

"தெரியும்மா. ஆனாலும் அதுதான உச்சி."

தூருன் மேல்தளத்துக்கு ஏறினாள். கேப்டன் குன்வோர் கிளம்பத் தயாராக இருந்தாள். "புயல் வருது. மேல வரச் சொல்லி எத்தனை தடவ தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பியாச்சு, அது அடியில கட்டியிருக்கற கான்கிரீட் எடைய கழட்டிட்டு வர மாட்டேங்குது. உனக்குத்தான் பதில் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் அது எதுக்கு?"

"எனக்கில்ல, அவருக்கு. இப்படியே போனா, அந்த ஒரு பெட்டியிலதான் எண்ணெய் இருந்துச்சுன்னு சாகற வரைக்கும் நெனச்சுக்கிட்டே இருப்பாரு."

குன்வோர் வானத்தைப் பார்த்தாள். "ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது."

கப்பலைத் திருப்பித் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு பக்கமிருந்தும் சமிக்ஞை அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, "அதோ! அதோ!" என்று சிக்பியோர்ன் கத்தினார். அலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிற மிதவை ஒன்று தலைகாட்டியது.

சேறு ஒட்டிய பெட்டியைத் துடைத்துப் பதிவை எடுத்தார்கள். எண்ணெயாக இருந்துவிடக் கூடாதா என்று, தன் கணக்கையெல்லாம் மறந்து, தூருனே வேண்டிக்கொண்டாள். திரையில் கோடு வந்தது.

சிக்பியோர்ன் அதன்மேல் விரலை மெதுவாக ஓட்டினார். "உச்சியிலயும் தண்ணி. என் பொண்ணு கல்யாணத்துலகூட நான் இந்த மேட்டப் பத்தித்தான் பேசினேன். மாப்பிள்ளையோட அப்பா எந்திரிச்சே போயிட்டாரு."

தூருன் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அவர் தோளில் கைவைத்தாள்.

"அறிக்கைய நான் எழுதிடறேன். நீங்க படுங்க."

"இருக்குன்னு சொன்னவன் நான். இல்லைன்னும் நாந்தான் சொல்லணும்."

துளையிட வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதினார். ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகத்தை நோக்கிக் கப்பல் திரும்பியிருந்தது. புயல் பிடித்து ஆட்டியது. எண்களைச் சரிபார்த்தபடி தூருன் பக்கத்திலேயே இருந்தாள். அனுப்பி முடித்ததும் அவர் முகம் வெளிறியிருந்தது.

"அப்பாடா," என்று எழுந்தார். "இனிமே நிம்மதியா வாந்தி எடுக்கலாம்."